அம்மா இப்போது என்னை நம்புகிறாள், மாமா

அன்பும் குறும்பும் பாதிப் பாதியான என் சின்ன மாமாவுக்கு,

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் வீட்டுக் கூடத்தில் இத்தனை வருஷம் ஒன்பது மணிக்குப் பத்து அடித்து நாட்டுக்குச் சேவை செய்துவந்த சுவர்க்கடிகாரம், சென்ற வெள்ளிக்கிழமை மாலை, சாவி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே காலமானது. கடைசி நேரத்தில் அன்னாரின் இரு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மலர்வளையம் வேண்டாமென்று குடும்பத்தார் கேட்டுக்கொள்கிறார்கள்.

காலம் காட்டியது காலமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், மாமா. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். நீங்கள் இருந்திருந்தால் அதற்குக் கருமாதிப் பத்திரிகையே அடித்திருப்பீர்கள். சிரிக்க ஆள் இல்லாத வீட்டில் சிரிப்பு மூட்டுவது, தண்ணீர் இல்லாத அருவியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது.

அதனால்தான் இந்தக் கடிதம். நம் தெருப் பையன்களின் கையெழுத்துப் பத்திரிகையில் எனக்கு ஒரு சிரிப்புப் பக்கம் கொடுத்திருக்கிறார்களே, இந்த மாதம் அதில் ஜோக்குக்குப் பதிலாக நீங்கள்தான். மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பிரித்த பேப்பரைப் பின் சீட்டுக்காரர் படிப்பதில்லையா?

அந்தப் பின் சீட்டுக்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சின்ன மாமா என் அம்மாவின் தம்பி. தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாக ஐந்தருவி போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா பம்பாயில் வேலை பார்ப்பதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர். இப்போது இரண்டு.

காதை எடுத்துவிடுங்கள். நான் சௌக்கியம். என் சேட்டை ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. டிரில் மாஸ்டரின் விசிலுக்குள் முகப்பவுடரை அடைத்து வைத்தேன். ஊதினார், ஆள் கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிட்டார். போன சாரலில் உங்கள் பஸ்ஸிலேயே வெளியூர்க்காரர்களிடம், டிக்கெட்டை நனைத்துக் காட்டினால்தான் ஐந்தருவியில் குளிக்க விடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். இறங்கியதும் ஒரு குடும்பமே குழாயடியில் நின்று டிக்கெட் கழுவியது. புதுக் கண்டக்டருக்கு இன்னும் விஷயம் தெரியாது. இப்படி எத்தனையோ. ஒரு நாள் சாவகாசமாகச் சொல்லுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் வியாபாரம் படுத்துவிட்டது. அது நம் வீடு. அம்மா இப்போது நான் எதைச் சொன்னாலும் நம்புகிறாள், மாமா. இதைவிட மோசமான செய்தி உங்களுக்கு என்னிடம் இல்லை.

முன்பெல்லாம் எப்படி இருந்தாள். "எம்மா, மழை வருது" என்றால் துணியை எடுக்காமல் என் காதைத்தான் முதலில் பிடிப்பாள். தபால்காரருக்குக் காளை முட்டி விலா ஒடிந்துவிட்டது என்று நான் சொன்ன மறுநாள் அவரே மணியார்டரோடு வந்து நின்றார். அன்றைக்கு அவள் அகப்பையோடு என்னைத் துரத்தியதும், நீங்கள் நடுவில் நின்று விசில் ஊதி, "ரைட், போலாம், ஆள் எறங்கியாச்சு" என்றதும் நினைவிருக்கிறதா? அந்த அம்மா எங்கே போனாள்?

எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எல்லாம் உங்கள் குதிகாலில் ஆரம்பித்தது. அந்தக் கார்த்திகையில் மாலை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போனீர்கள். அப்போதுதான் இடது குதிகாலில் ஒரு கறுப்புத் தடம் எல்லோர் கண்ணிலும் பட்டது. மசி கொட்டினாற்போல, ஓரம் கிழிந்து, சப்பட்டையாக. உங்களோடு மலைக்குப் போகிற சாமிமார்கள் வருஷா வருஷம் வெறுங்காலோடு நடந்து ஏறின தழும்பு என்றார்கள். நீங்கள் அதற்கும் மேலே போய், ஐயப்பன் உங்களுக்கு மட்டும் சீசன் பாஸ் குத்திக் கொடுத்திருப்பதாக பஸ் முழுக்கச் சொன்னீர்கள். மாலை கழற்றும் வரைக்கும் செருப்பும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம் என்றீர்கள்.

மாலையைக் கழற்றிய பிறகும் டாக்டரிடம் போகவில்லை. அது வெடித்துக் கசிந்தபோது, கால் ஆணி என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். செங்கோட்டைக்காரர் ஒருவர் சேங்கொட்டை எண்ணெயைச் சுட வைத்துத் தொடச் சொன்னார். தொட்டீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஊரும் மருந்தும் ஒரே பெயரில் இருந்தால் நம்பவே கூடாதுலே என்று என்னிடம் சொன்னீர்கள். ஆடி பிறப்பதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தானே செய்யும் என்று அம்மா சுண்ணாம்பு தடவினாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்த பிறகுதான் நாம் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறினோம்.

அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. மலையாளமும் தமிழும் கலந்து, எதையும் மறைக்காமல் பேசினார். நம் தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கிற அணுக்களே கெட்டுப்போய்ப் பெருகுகிற புற்று இது, மெலனோமா என்று பெயர், நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்காலில்தான் வரும் என்றார். நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளைப் பொட்டுகளைக் காட்டினார். காலைத் தாண்டி அங்கேயும் போய்விட்டது என்றார். வெட்டி எடுத்து இனிப் பலனில்லை. நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், ஒரே மருந்தென்றால் நோய் அதற்குப் பழகிக்கொள்ளும், நாலும் நாலு பக்கமிருந்து அடித்தால் கொஞ்சம் அசையும். முழுக்க மாறிப்போகும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் நான், "மாமா, உங்க ஒடம்புல கூட்டணி ஆட்சி வருது" என்றேன். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே சொன்னீர்கள்: "நாலு பேரு இருந்தா சௌகரியந்தாம்லே. தூக்குததுக்கும் ஆள் தேட வேண்டாம்." நான் சிரித்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்தேன். பிறகுதான் அது என்னவென்று உறைத்தது.

முதல் தடவை அம்மாதான் துணைக்கு இருந்தாள். நீங்கள் வாந்தி எடுக்க எடுக்க அவளும் பக்கத்திலேயே எடுத்தாள். மருந்து யாருக்கு ஏறுகிறது என்று நர்ஸுக்கே குழப்பம். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் நான்தான் வந்தேன். பள்ளிக்கூடம் என்னைப் பிரிந்ததற்காக ஒன்றும் துயரப்படவில்லை.

நாலு தலைவர்களுக்கும் நாம் பட்டம் வைத்தோமே. விழுங்குகிற மாத்திரை மௌனசாமி. சின்ன ஊசியில் நரம்பில் போவது நயவஞ்சகம், ஏறும்போது ஒன்றும் தெரியாது, பிறகு விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். சதையில் போடுகிற ஊசி குளிர்காலம், போட்ட சாயங்காலமே கம்பளிக்குள் உங்களைத் தடதடவென்று ஆட்டும். நாலாவது பெரியவர், சொட்டுச் சொட்டாகத் தினமும் ஏறுகிற பாட்டில். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று அதைக் கறுப்புத் தாளில் சுற்றித் தொங்கவிட்டார்கள். நீங்கள் படுத்தபடியே அதற்கு ஒரு கும்பிடு போட்டீர்கள். "மாலை போட்டிருக்குலே. சாமிய மரியாதையா பேசு."

அந்தச் சாமிதான் உங்கள் குடலைப் புரட்டிப் போட்டது. பித்தளைக் கும்பாவை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். நடு நடுவே நீங்கள் தலையைத் தூக்கி, "எந்த ஸ்டாப்புலே?" என்பீர்கள். "இலஞ்சி" என்பேன். "இன்னும் குத்தாலம் வரலியா" என்று மறுபடியும் குனிவீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் நமக்குப் பைத்தியம் என்று நினைத்தார்.

ரெண்டாவது சுற்று முடிந்ததும் எலுமிச்சை நெல்லிக்காயானது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் காசிவிசுவநாதருக்கு நெய்விளக்கு ஏற்றினாள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு சுண்டைக்காய். தலைமுடி போனால் என்ன, கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொள்ளலாம் என்று வேலையில் சேரப் போனீர்கள். போன வேகத்தில் திரும்பி வந்தீர்கள். டிக்கெட் கட்டிலிருந்து ஒற்றைத் தாளைப் பிரிக்க விரலுக்குத் தெரியவில்லை. ஒரு ஆளுக்கு மூன்று டிக்கெட் கிழிந்து வருகிறது. அதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா?

மாசியில் நாலாவது சுற்றுக்கு அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில் பொட்டுகள் பெருத்திருந்தன. நெறியும் பழையபடி நெல்லிக்காய். டாக்டரம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பும் ரயிலில் புனலூர் தாண்டி, தென்மலை தாண்டி, ஆரியங்காவு வரைக்கும் நீங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அடுத்து குகை. எப்போதும் அந்த இருட்டுக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டி முழுக்க ஊளையிடும், நாம்தான் முதல் ஊளை. நான் மூச்சை இழுத்துத் தயாராக வைத்திருந்தேன்.

"மருமவனே, அடுத்த தடவை நா வரல."

"ஏன் மாமா? நெறிதான் மறுபடி சுருங்கும்லா."

"நாலு தலைவரும் டெபாசிட்டு காலி. ஒரு மருந்த மாத்திப் பாக்கலாம்னு சொல்லுதாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். நாக்குல எதை வச்சாலும் தகரம் மாரி இருக்கு. ருசி திரும்புத நேரத்துல அடுத்த சுத்துக்கு வண்டி ஏறுதோம். அக்கா வைக்கித சொதிய ஒரு தடவையாவது சொதியா திங்கணும்லே."

வண்டி குகைக்குள் போனது. எல்லோரும் கத்தினார்கள். இருட்டில் உங்கள் குரல் மட்டும் என் காதோரம் கேட்டது. "அக்காட்ட நீதான் சொல்லணும்."

"நானா? நா சொன்னா நம்பமாட்டாளே."

"அதான்லே" என்றீர்கள்.

வெளிச்சம் வந்தபோது நீங்கள் தூங்குகிறாற்போல இருந்தீர்கள். அந்த "அதான்" எனக்கு அப்போது விளங்கவில்லை.

ரெண்டு நாள் அம்மா பின்னாலேயே திரிந்தேன். உலகத்தில் இல்லாத பாம்பையும் பேயையும் அசையாமல் சொன்ன வாய், ஒரு நிஜத்தைச் சொல்ல வரமாட்டேன் என்றது. மூன்றாம் நாள் அம்மா உரலில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மாமா இனி மருந்து போட்டுக்கொள்ளப் போகமாட்டார், அது கேட்கவில்லையாம், அவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றேன்.

மாவுக் கையோடு எழுந்து என் காதைத் திருகினாள். "எதுல விளையாடணும்னு இல்லையா மூதி? அவன் உசுர வச்சா விளையாடுத?" பிறகு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த உங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ தம்பி, இங்க பாரு, இவன் சொல்லுதத. நீ இனிமே ஆஸ்பத்திரிக்கே போகமாட்டியாம்."

நீங்கள் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. "அவன் சொன்னா எல்லாத்தையும் நம்பிருவியாக்கா நீ?"

அவ்வளவுதான். அம்மா சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு, மாவு என் கன்னத்தில் எல்லாம் தெறித்தது. நான் காதைத் தடவிக்கொண்டு உங்களை முறைத்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். நீங்கள் பொய்யே சொல்லவில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. ஆனாலும் அவளிடம் ஒன்றும் போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறோம். என்னைக் கருவியாக வைத்து என் எதிரிலேயே செய்தது அதுதான் முதல் தடவை. உங்கள்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். எத்தனை நாள் பேசாமலிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் அம்மா சந்தோஷமாக இருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுக்கென்று முறுக்குச் சுட்டாள். ரயிலுக்கு எடுத்துப்போகும் தூக்குவாளியைப் புளி போட்டு விளக்கி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை வாங்கிக் கொடுக்கத்தான் நம்பாத வாயாகப் பார்த்து என்னைப் பிடித்தீர்கள் என்று புரிய எனக்கு அத்தனை நாள் ஆனது. புரிந்த பிறகு கோபம் போய்விட்டது. வேறு ஒன்று வந்தது. அதற்கு நான் இன்னும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

கிளம்ப வேண்டிய காலையில் புளியோதரை கட்டியாகிவிட்டது. நீங்கள் சட்டை போடவில்லை. அம்மா வண்டிக்கு நேரமாகிறது என்றாள். நீங்கள் மெதுவாக, "அக்கா, அவன்தான் சொன்னாம்லா" என்றீர்கள்.

அம்மா உங்களைப் பார்க்கவில்லை, மாமா. என்னைத்தான் பார்த்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் வாளியைத் திறந்து, மூன்று இலை போட்டு, புளியோதரையை வைத்தாள். வீட்டிலேயே உட்கார்ந்து ரயில் சாப்பாடு சாப்பிட்டோம்.

பங்குனி கடைசியில் உங்கள் நாக்கு திரும்பியது. சொதியில் கை வைத்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூடிட்டுக்கா" என்றீர்கள். ருசி தெரிகிறது என்று அம்மாவுக்கு வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே. அடுத்த நாள் கூட்டாஞ்சோறு, அதற்கடுத்த நாள் உளுந்தஞ்சோறு. பிறகு மூச்சு திணற ஆரம்பித்தது. சித்திரை முடியும் முன்னே, அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாத காலத்தில், நீங்கள் போய்விட்டீர்கள். சாரலுக்காவது நின்றிருக்கலாம். ஏன் அவ்வளவு அவசரம்?

இப்போது வீட்டு நிலவரம். நீங்கள் போய்ச் சில மாதம் கழித்து, அம்மாவைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். அடுப்படியில் நல்லபாம்பைப் பார்த்தேன் என்று கத்தினேன். கரண்டி பறந்து வரும் என்று தலையைக்கூடக் குனிந்துகொண்டேன். அம்மா எழுந்தாள். கம்பை எடுத்தாள். "எங்கன பாத்தே?" என்றாள்.

அரிசிப் பானைக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய? பானையை நகர்த்தினோம். விறகை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டோம். அம்மிக்குக் கீழே, பரண் மேலே, சாக்குக்கு உள்ளே. இல்லாத பாம்பை நானும் அவளோடு குனிந்து குனிந்து தேடினேன். பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "போயிருக்கும். நீ காலப் பாத்து வையி" என்றாள். இப்போதும் அடுப்படிக்குள் நுழையும்போது கம்பால் தட்டிவிட்டுத்தான் நுழைகிறாள்.

ஒரு தடவை நம்பாமல் இருந்துவிட்டாள் அல்லவா. இனி ஒருபோதும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று இருக்கிறாள். இதை நீங்கள் யோசித்தீர்களா, மாமா? எல்லாக் கணக்கும் போட்டீர்களே, இதைப் போட்டீர்களா? குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

சரி. இவ்வளவு தூரம் வந்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். டிரில் மாஸ்டரின் விசிலில் நான் பவுடர் போடவில்லை. குழாயடியில் எந்தக் குடும்பமும் டிக்கெட் கழுவவில்லை. உங்கள் பஸ்ஸில் நான் ஏறியே ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஐந்தருவிக்குச் சைக்கிளில்தான் போனேன், அதுவும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். பாம்போடு சரி, அதற்கப்புறம் ஒரு சேட்டைகூடச் செய்யவில்லை. கெட்டது போதாதென்று, போன மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நன்னடத்தைப் பரிசு என்று என் பெயரை வாசித்துத் தொலைத்தார்கள். ஒரு சோப்பு டப்பா. நான் மேடையேறும்போது வாத்தியார்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்து, "எம்மா, எனக்கு நன்னடத்தைப் பரிசு தந்திருக்காவ" என்றேன். தபால்காரர் விலா ஒடிந்ததைவிடப் பெரிய புளுகு மாதிரி எனக்கே கேட்டது. டப்பாவைப் பைக்குள்ளிருந்து நான் எடுக்கவே இல்லை.

"அப்படியா. நல்லது" என்றாள். நம்பிவிட்டாள், மாமா.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, என்றாவது ஒரு நாள் அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு, "புளுகாதலே மூதி" என்று என்னைத் தெருவரைக்கும் துரத்துகிறாற்போல ஒரு புளுகைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். நடுவில் நின்று விசில் ஊத ஆள் இருக்காது. பரவாயில்லை, ஓடிக்கொண்டே நானே ஊதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா பெற்ற புளுகுமூட்டை,
நீங்கள் இருந்தவரைக்கும் சேட்டைக்காரனாக இருந்த மருமகன்
முத்து